எசேக்கியா விரித்த கடிதமும் எங்கள் வீட்டு ரிப்போர்ட்டும்

“கர்த்தர் கையில விட்டுருங்க, சிஸ்டர்.”

என் வீட்டுக்காரருக்கு இரண்டு சிறுநீரகங்களும் வேலை செய்யவில்லை என்று தெரிந்ததிலிருந்து இந்த வார்த்தையைக் கேட்காத ஞாயிற்றுக்கிழமை இல்லை. சொன்னவர்கள் எல்லாரும் பாசமாகத்தான் சொன்னார்கள். எப்படி விடுவது என்று மட்டும் ஒருவரும் சொல்லவில்லை. விட்டுவிட்டு மறுநாள் காலையில் எழுந்து என்ன செய்ய வேண்டும்? மாத்திரை டப்பாவைத் திறக்கலாமா? டாக்டரிடம் கேள்வி கேட்கலாமா? பயம் வந்தால் அது அவிசுவாசமா? பிரசங்கத்தில் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடுகிற விஷயம், வீட்டுக்குள் வந்ததும் நாள் முழுக்க நீள்கிறது. எங்கள் வீட்டில் அது எப்படி நடக்கிறது என்பதை எழுதுகிறேன். “நடந்தது” என்று சாட்சியாகச் சொல்லி முடிக்க முடியாது. அவர் இன்றைக்கும் டயாலிசிஸில்தான் இருக்கிறார்.

தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கம். பெரும்பாலான நோயாளிகளுக்கு டயாலிசிஸ் வாரத்துக்கு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் சுமார் 4 மணி நேரம். அதற்கென்றே கையில் தமனியையும் சிரையையும் இணைத்துச் சின்ன அறுவை சிகிச்சை செய்திருப்பார்கள். அதற்குப் பெயர் ஃபிஸ்டுலா. அதில் இரண்டு ஊசி. ஒன்றின் வழியாக ரத்தம் வெளியே போய், வடிகட்டியில் சுத்தமாகி, மற்றொன்றின் வழியாக உள்ளே வரும். படுக்குமுன் எடை பார்ப்பார்கள், எழுந்தபின் எடை பார்ப்பார்கள். இடைப்பட்ட நாட்களில் குடிக்கிற தண்ணீரில் பெரும்பகுதி உடம்பிலேயே தங்கிவிடுவதால் தண்ணீருக்கு அளவு உண்டு. காலையில் எழுந்ததும் ஒரு பாட்டிலில் அவருடைய அன்றைய தண்ணீரை அளந்து வைத்துவிடுவேன். மாத்திரை விழுங்குவதும் அதிலிருந்துதான். வெயில் நாட்களில் சாயங்காலத்துக்கு முன்பே பாட்டில் காலியாகிவிடும். அப்புறம் ஒரு ஐஸ் கட்டியை வாயில் அடக்கிக்கொண்டு ஜன்னல் ஓரமாக உட்கார்ந்திருப்பார். அந்த ஐஸ் கட்டியும் கணக்கில் சேரும் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். என்னை ஒரு பார்வை பார்ப்பார். நான் பார்க்காத மாதிரி இருப்பேன்.

டயாலிசிஸை முன்கூட்டிச் சேர்த்து வைக்க முடியாது. “இந்த வாரம் நாலு தடவை செய்துகொள்கிறோம், அடுத்த வாரம் ஊருக்குப் போய்விட்டு வருகிறோம்” என்று கேட்க முடியாது. இன்று சுத்தமான ரத்தம் நாளை மறுநாளுக்குள் பழையபடி ஆகிவிடும். இது எனக்குப் புரிந்த வாரத்தில்தான் தினசரி வாசிப்பில் யாத்திராகமம் 16-ஆம் அதிகாரம் வந்தது. மன்னா, வனாந்தரத்தில் இஸ்ரவேலருக்கு வானத்திலிருந்து வந்த ஆகாரம். தலைக்கு ஒரு ஓமர் என்ற அளவு. விடியும்வரை மீதி வைக்காதே என்று மோசே சொல்லியும் வைத்தவர்களுடையது பூச்சி பிடித்து நாறியது. சிறுவயதில் ஞாயிறு பள்ளியில் இதைக் கீழ்ப்படியாமைக்குத் தண்டனை என்று சொல்லிக் கொடுத்தார்கள். அது சரிதான். ஆனால் மீதி வைத்தவர்கள் மேல் எனக்கு இப்போது கோபம் வருவதில்லை. வனாந்தரத்தில் பிள்ளைகுட்டிகளோடு இருக்கிற எந்தத் தாய்தான் நாளைக்குக் கொஞ்சம் எடுத்து வைக்கமாட்டாள்?

கர்த்தரை நம்புவதும் இப்படித்தான், சேர்த்து வைக்க முடிவதில்லை. உபவாசக் கூட்டத்தில் கண்ணீரோடு ஒப்புக்கொடுத்தது உண்மையான ஒப்புக்கொடுத்தல்தான். ஆனாலும் அது செவ்வாய்க்கிழமை இரவு மூச்சு வாங்கும்போது தாங்கவில்லை. செவ்வாய்க்கிழமைக்குச் செவ்வாய்க்கிழமைதான் ஒப்புக்கொடுக்க வேண்டியிருந்தது. “அந்தந்த நாளுக்கு அதினதின் பாடு போதும்” என்று இயேசு சொன்னதை ஆறுதல் வசனமாக வாசித்துப் பழகியிருந்தேன். நோய் வந்த வீட்டில் அது ஆறுதலைவிட வேலைத்திட்டமாகவே பயன்படுகிறது. இன்றைய தண்ணீர், இன்றைய மாத்திரை, இன்றைய ஜெபம். காலை ஜெபத்தில் அடுத்த மாதத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் அவரே குறுக்கே வந்து, “இன்னைக்குள்ளதைச் சொல்லு” என்பார்.

மாதத்துக்கு ஒருமுறை ரத்தப் பரிசோதனை. ஹீமோகுளோபின், பொட்டாசியம், பாஸ்பரஸ், கால்சியம் என்று ஒரு தாள் வரும். அந்தத் தாளை வைத்து நாங்கள் செய்கிற ஒன்றைத்தான் இந்தக் கட்டுரையில் முக்கியமாகச் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். அதை வேதாகமத்தில் வரும் யூதாவின் ராஜா எசேக்கியாவிடமிருந்து எடுத்துக்கொண்டோம்.

கி.மு. 701-இல் அசீரியா ராஜா சனகெரிப் யூதாவின் அரணான பட்டணங்களையெல்லாம் பிடித்துக்கொண்டு எருசலேமை மிரட்டிக் கடிதம் அனுப்புகிறான். “உன் தேவன் உன்னை விடுவிப்பார் என்று ஏமாறாதே” என்பது சாராம்சம். 2 இராஜாக்கள் 19:14 சொல்கிறது: எசேக்கியா அதை வாங்கி வாசித்தபின்பு, கர்த்தருடைய ஆலயத்துக்குப் போய், கர்த்தருக்கு முன்பாக விரித்தான். வாசித்தபின்பு. முதலில் முழுக்க வாசித்தான். பிறகு விரித்தான். ஜெபத்திலும் பூசி மெழுகவில்லை. அசீரியா ராஜாக்கள் அந்த ஜாதிகளைப் பாழாக்கினது மெய்தான் என்று ஒத்துக்கொண்டுதான் விடுதலை கேட்கிறான்.

நாங்களும் ரிப்போர்ட்டை முதலில் முழுதாக வாசிப்போம். புரியாததை ஒரு நோட்டில் எழுதி டாக்டரிடம் கேட்போம். பொட்டாசியம் ஏறியிருந்தால் எதனால் என்று யோசிப்போம். அதெல்லாம் முடிந்த பிறகு, ராத்திரி, கட்டில்மேல் அந்தத் தாளை விரித்து வைத்து, இரண்டு பேரும் அதன்மேல் கை வைத்து ஜெபிப்போம். “ஆண்டவரே, சுகம் தாரும்” என்று பொதுவாக ஜெபிப்பதில்லை. “ஹீமோகுளோபின் எட்டுக்கு வந்திருக்கு ஆண்டவரே, இவருக்கு மாடி ஏற முடியல” என்று சொல்லித்தான் ஜெபிப்போம். கர்த்தருக்குத் தெரியாது என்பதால் சொல்வதில்லை. சொல்லும்போது எனக்குள் ஒளித்து வைத்திருந்தது வெளியே வருகிறது. அப்புறம் தாளை மடித்து ஃபைலில் போட்டுவிடுவோம். மறுபடி எடுப்பது டாக்டரைப் பார்க்கும் நாளில்தான். நடுவில் ஃபைலைத் திறந்து அந்த எண்ணையே வெறித்துப் பார்க்கத் தோன்றும். முதல் சில மாதங்கள் ஃபைலை அவர் தன் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டார், என்னிடமிருந்து காப்பாற்ற.

எசேக்கியாவைப் பற்றி இன்னொன்று. கடிதத்தை விரித்த அதே மனுஷன்தான், முற்றுகைக்கு முன்கூட்டியே கீகோன் ஊற்றின் தண்ணீரை நகரத்துக்குள் கொண்டுவந்தவன். பாறைக்குள் சுமார் 533 மீட்டர் நீளச் சுரங்கம் எருசலேமில் இன்றைக்கும் இருக்கிறது. இரண்டு பக்கமிருந்தும் வெட்டிக்கொண்டு வந்தவர்கள் நடுவில் சந்தித்ததைச் சொல்லும் கல்வெட்டு 1880-இல் அதற்குள்ளே கிடைத்தது. ஏசாயா 22-இல் அந்தக் காலத்து எருசலேம் ஜனங்களைத் தீர்க்கதரிசி கடிந்துகொள்கிறார். மதிலைப் பலப்படுத்தினீர்கள், தண்ணீரைத் தேக்கினீர்கள், அதைச் செய்தவராகிய தேவனை நோக்கவில்லை என்கிறார். தண்ணீரைத் தேக்கியது குற்றம் என்று சொல்லவில்லை. நோக்காமல் போனதுதான் குற்றம். இந்த ஒரு வசனம் எனக்கு எத்தனையோ குழப்பத்தைத் தீர்த்தது.

ஏனென்றால் அந்தக் குழப்பம் வீடு தேடி வந்தது. நல்ல மனிதர் ஒருவர், ஜெபிக்கிறவர், ஒரு நாள் வந்து உருக்கமாக ஜெபித்துவிட்டு, “தம்பி, விசுவாசம் இருந்தா அடுத்த டயாலிசிஸுக்குப் போகாதீங்க. ஆண்டவர் அற்புதம் செய்றதுக்கு இடம் கொடுங்க” என்றார். எனக்கு உள்ளுக்குள் நடுங்கிவிட்டது. டயாலிசிஸைத் தவறவிட்டால் பொட்டாசியம் ஏறி இதயத்துடிப்பே நின்றுபோகலாம். என் வீட்டுக்காரர் சிரித்துக்கொண்டே, “அண்ணே, அந்த மெஷினுக்கும் ஸ்தோத்திரம் சொல்லிட்டுத்தான் ஒவ்வொரு தடவையும் கையை நீட்டுறேன்” என்றார். வந்தவர் அதற்குமேல் ஒன்றும் பேசவில்லை.

எசேக்கியா வியாதிப்பட்டபோதும் நடந்ததைப் பாருங்கள். “உன்னைக் குணமாக்குவேன்” என்று கர்த்தரே வாக்குக் கொடுத்தாயிற்று. அதற்குப் பிறகும் ஏசாயா, அத்திப்பழத்து அடையைக் கொண்டுவரச் சொல்லிப் பிளவையின்மேல் பற்றுப் போடவைக்கிறார். வாக்குத்தத்தம் ஒரு பக்கம், மருந்து ஒரு பக்கம் என்று வேதம் பிரித்து வைக்கவில்லை.

சீனாவுக்கு மிஷனரியாகப் போன ஹட்சன் டெய்லரின் ஒரு சம்பவம் உண்டு. 1853-இல் ‘டம்ஃப்ரீஸ்’ என்ற கப்பலில் புறப்பட்டபோது அவருக்கு வயது 21. அம்மாவின் வற்புறுத்தலுக்காக தண்ணீரில் மூழ்காமல் இருக்க இடுப்பில் கட்டும் ஒரு மிதவை வார் வாங்கி வைத்திருந்தார். கரையை ஒட்டியே பெரும்புயலில் கப்பல் மாட்டியது. அந்த வார் கையில் இருக்கும்வரை தேவனை முழுதாக நம்ப முடியாது என்று நினைத்து, பிழைக்க வழியே இல்லை என்று தோன்றிய அந்த ராத்திரியில் அதை இன்னொருவருக்குக் கொடுத்துவிட்டார். மனதுக்குச் சமாதானம் கிடைத்ததாம். கொடுத்த கையோடு, கப்பல் மோதினால் மிதக்கக்கூடிய லேசான சாமான்களைச் சேர்த்து வைத்துக்கொண்டாராம்! அந்த முரண்பாடு அப்போது தனக்குத் தோன்றவே இல்லை என்றும், தேவன் கொடுக்கும் சாதனங்களுக்குள்ளேயே அவரைப் பார்க்கும் அளவுக்கு அன்று தனக்கு விசுவாசம் இருக்கவில்லை என்றும் பிற்காலத்தில் அவரே எழுதி வைத்திருக்கிறார். விசுவாச வீரர் என்று நாம் கொண்டாடுகிறவர் இதை வெளிப்படையாக எழுதியிருப்பது எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

பண விஷயத்திலும் இதே கதைதான். பிரிஸ்டலில் 1836-இல் அனாதைப் பிள்ளைகளுக்கு இல்லம் தொடங்கிய ஜார்ஜ் முல்லரைக் காட்டி, “அவர் யார்கிட்டயும் கேட்காம 10,000 பிள்ளைகளுக்கு மேல வளர்த்தார், நாம ஏன் கணக்குப் பார்க்கணும்?” என்பார்கள். அவர் மனிதரிடம் கேட்கவில்லை, ஜெபித்தார் என்பது மெய்தான். ஆனால் வந்த காணிக்கை, போன செலவு எல்லாவற்றுக்கும் துல்லியமாகக் கணக்கு வைத்து வருஷாவருஷம் அறிக்கை வெளியிட்டவரும் அவர்தான். நாங்களும் மருத்துவச் செலவுக்குத் தனி நோட்டுப் போட்டிருக்கிறோம். காப்பீட்டுப் படிவம், ரசீது எதையும் விடுவதில்லை. இதைப் பற்றி இதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை.

கஷ்டமான பகுதிக்கு வருகிறேன். என் கொழுந்தனார் தானாகவே முன்வந்து, “அண்ணனுக்கு நான் கிட்னி தர்றேன் அண்ணி” என்றார். ரத்த வகை பொருந்தியது. வீடே மாறிவிட்டது. பல நாளைக்குப் பிறகு என் வீட்டுக்காரர் பாட்டுப் பாடிக்கொண்டே சட்டை மாட்டினார். மகளுடைய பரீட்சை முடிந்ததும் ஆபரேஷன் என்று நான் மனதுக்குள் மாதத்தையே குறித்துவிட்டேன். சபையிலும் ஜெபவிண்ணப்பம் ஸ்தோத்திர விண்ணப்பமாக மாறியது. கொடுப்பவருக்கு வரிசையாகப் பரிசோதனைகள் செய்தார்கள். அதில்தான் அவருக்கே சர்க்கரை வியாதி இருப்பது தெரியவந்தது. அவருக்கும் அதுவரை தெரியாது. இவர் தானம் கொடுக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆஸ்பத்திரி நடைக்கூடத்தில் என் கொழுந்தனார், நாற்பது வயது மனுஷன், சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று அழுதார். “என்னால முடியாமப் போச்சே அண்ணி” என்றார். அவருக்கு ஆறுதல் சொன்னது என் வீட்டுக்காரர்தான். “உனக்குச் சர்க்கரை இருக்குன்னு இப்பவே தெரிஞ்சுதே, அது நல்லதுடா.”

அன்றைக்கு ராத்திரி எனக்கு ஜெபம் வரவில்லை. ஒப்புக்கொடுத்தல் என்று நான் சொல்லிக்கொண்டிருந்ததில் எவ்வளவு பகுதி நான் போட்ட திட்டத்துக்கு ஆண்டவரிடம் கையெழுத்துக் கேட்டது என்பது அப்போது தெரிந்தது. வியாதியை அவர் கையில் கொடுத்திருந்தேன். தேதியைக் கொடுக்கவில்லை. வழியையும் கொடுக்கவில்லை. எனக்குத் தெரிந்து விசுவாசிகளுக்கு மிகவும் கஷ்டமானது இந்த இரண்டும்தான். சவுல் ராஜா 1 சாமுவேல் 13-இல் ஏழு நாள் காத்திருந்தான், சாமுவேல் வரவில்லை, ஜனங்கள் சிதறிப் போகிறார்கள் என்று தானே பலி செலுத்திவிட்டான். ஆபிரகாமும் சாராளும் பிள்ளை பிறக்கும் என்ற வாக்குத்தத்தத்தை நம்பாமல் இல்லை. வழியை மட்டும் தாங்களே ஏற்பாடு செய்தார்கள், சாராளின் அடிமைப்பெண் ஆகார் மூலமாக.

சிலுவைக்கு முந்தின ராத்திரி கெத்செமனே தோட்டத்தில் இயேசு ஜெபித்ததை அந்த வாரம் முழுக்க வாசித்தேன். “என்னுடைய சித்தத்தின்படியல்ல” என்பதற்குத்தான் எல்லாரும் கோடு போடுகிறோம். அதற்கு முன்னால், இந்தப் பாத்திரம் நீங்கட்டும் என்று அவர் கேட்டார். ஒருமுறை அல்ல, மூன்றாம் தரமும் அந்த வார்த்தைகளையே சொல்லி ஜெபித்தார் என்று மத்தேயு எழுதுகிறார். ஆகவே ஒப்புக்கொடுத்தவர்கள் கேட்கக் கூடாது என்பதில்லை. நாங்கள் இன்னும் சிறுநீரகம் கேட்டுத்தான் ஜெபிக்கிறோம். தேதி சொல்லாமல் கேட்கிறோம்.

“அக்கா, சந்தோஷமா இருங்க, ஆண்டவர் ஒரு கதவை அடைச்சா இன்னொன்னைத் திறப்பார்” என்று ஒருவர் செய்தி அனுப்பியிருந்தார். அன்றைக்கு அதற்குப் பதில் எழுத மனம் வரவில்லை. அந்த நாட்களில் என்னைத் தாங்கியது 13-ஆம் சங்கீதம். “கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்?” இதைச் சத்தமாகவே வாசித்தேன். 88-ஆம் சங்கீதம் அதைவிட மோசம். கடைசி வசனம்வரை வெளிச்சம் வரவே வராது. நண்பர்கள் எல்லாரும் விலகிப் போனார்கள் என்று சொல்லி அப்படியே முடிந்துவிடும். அதையும் வேதத்தில் சேர்த்து வைத்திருக்கிறார்களே! மனக்கசப்பை மனுஷரிடம் கொட்டுவதைவிட ஆண்டவரிடம் கொட்டுவது நல்லது. அவரிடம் சண்டை போடுகிறவர்கள் அவரை விட்டுப் போய்விடவில்லை.

சமாதானம் வந்ததா என்று கேட்பார்கள். பவுல் காவலில் இருந்துகொண்டு எழுதிய பிலிப்பியர் 4:6, 7-ஐ நிதானமாக வாசித்துப் பாருங்கள். விண்ணப்பங்களைத் தெரியப்படுத்துங்கள், அப்பொழுது தேவசமாதானம் உங்கள் இருதயங்களையும் சிந்தைகளையும் காத்துக்கொள்ளும் என்கிறார். கேட்டது கிடைக்கும் என்று அந்த இடத்தில் சொல்லவில்லை. எங்கள் அனுபவத்தில் அந்தச் சமாதானம் பெரிய பரவசமாக வரவில்லை. டோனர் இல்லை என்றான பிறகு வந்த வாரத்திலும் அவர் ராத்திரி தூங்கினார். நானும் தூங்கினேன். மகள் பரீட்சைக்குப் படித்தாள். அவ்வளவுதான்.

சாட்சி சொல்லச் சொல்லிக் கேட்டபோது, “சுகமானதும் சொல்லுங்க” என்று சிலர் தள்ளி வைக்கப் பார்த்தார்கள். என் வீட்டுக்காரர் எழுந்து தானியேல் 3-ஐ எடுத்துப் பேசினார். எங்கள் தேவன் விடுவிக்க வல்லவர் என்று சொன்ன அதே மூச்சில் “விடுவிக்காமற்போனாலும்” என்றும், அக்கினிச் சூளையில் போடப்படுமுன் அந்த மூன்று பேர் சொன்னதை எடுத்துச் சொன்னார். கூட்டத்தில் ‘ஆமென்’ கொஞ்சம் தாமதமாகத்தான் வந்தது. ஆனால் ஆராதனை முடிந்ததும் மூன்று நான்கு பேர் தனித்தனியாக வந்து, அதுவரை யாரிடமும் சொல்லாத தங்கள் வீட்டுப் பிரச்சனைகளைச் சொன்னார்கள்.

உதவி வாங்குவதும் இதில் ஒரு பெரிய பாடம், குறிப்பாக என்னைப் போலக் கொடுத்தே பழகியவர்களுக்கு. “என்ன உதவி வேணும்னாலும் கேளுங்க” என்று நூறு பேர் சொன்னார்கள். கேட்க வாய் வராது. சபையில் ஒரு அக்கா மட்டும், “வியாழக்கிழமை டயாலிசிஸுக்கு எங்க வீட்டுக்காரர் கூட்டிட்டுப் போவார். நீ அன்னைக்குத் தூங்கு” என்றார். கேள்வியே இல்லை, ஏற்பாடு. முதல் வாரம் மறுத்தேன். “உன் பாரத்தைக் கர்த்தர்மேல வைக்கிறேங்கிற, எங்கமேல வைக்க மாட்டியா?” என்று அதட்டினார். இன்றுவரை வியாழக்கிழமை அவர்களுடையது. வியாதியஸ்தர் இருக்கிற வீட்டுக்கு உதவ நினைக்கிறவர்கள் ஒரு கிழமையையோ ஒரு வேலையையோ குறிப்பாகச் சொல்லுங்கள், அது போதும்.

கவலையை அடக்க நான் செய்கிற இன்னொரு காரியம் ரொம்பச் சாதாரணமானது. இரவு ஜெபம் முடிந்தபின் இணையத்தில் நோயைப் பற்றித் தேடுவதில்லை. ஜெபித்துவிட்டு வந்து ‘டயாலிசிஸில் எத்தனை வருஷம்’ என்று தேடினால் அந்த ராத்திரி போயிற்று. அதனால் போனை முன்னறையில் சார்ஜில் போட்டுவிட்டுத்தான் படுப்பது. பகலில் தேட வேண்டியதைத் தேடி நோட்டில் எழுதி டாக்டரிடம் கேட்டுக்கொள்வேன்.

இப்போது அவருடைய பெயர் மாற்று சிறுநீரகத்துக்கான காத்திருப்போர் பட்டியலில் இருக்கிறது. மூளைச்சாவு அடைந்த ஒருவரின் குடும்பம் சம்மதித்தால் எந்த நேரத்திலும் அழைப்பு வரலாம். வந்தால் உடனே கிளம்ப வேண்டும். எங்களுக்கு அழைப்பு வருகிற அதே ராத்திரி இன்னொரு வீட்டில் சாவு விழுந்திருக்கும். அதனால் அந்த முகம் தெரியாத குடும்பத்துக்காக இப்போதே ஜெபிக்கிறோம். போனை முன்னறையில் விடுவதில் இதனால் சிக்கல் வந்தது. அவர் ஒரு பழைய பட்டன் போனை எடுத்து, அந்த எண்ணை மட்டும் ஆஸ்பத்திரிக்குக் கொடுத்துவிட்டார். அதில் இணையம் கிடையாது. இரவில் அதுதான் எங்கள் கட்டிலுக்குப் பக்கத்தில் இருக்கிறது. அலமாரியின் கீழ்த்தட்டில் ஒரு பை: அடையாள அட்டை, ரிப்போர்ட் ஃபைலின் நகல், இரண்டு செட் துணி, சின்ன எழுத்து வேதாகமம், அவருடைய மூக்குக்கண்ணாடி. மகளை யார் வீட்டில் விடுவது, போதகருக்கு யார் சொல்வது என்பதெல்லாம் ஒரு தாளில் எழுதிப் பையின் முன்பக்கத்தில் செருகியிருக்கிறேன்.